அரசியல் பேச எந்த ஆப்? சொன்ன சொல் யார் கைக்குப் போகிறது என்று பார்த்து ஒரு ஒப்பீடு

எங்கள் நண்பர்கள் குழுவில் ஒருவன் இரண்டு மெசேஜ் போட்டான். முதலாவது: "இந்தத் தடவை இவங்களுக்கு ஓட்டுப் போடறதுக்குப் போடாமலே இருந்துடலாம்னு தோணுது." ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது: "ஆனா போடாம இருந்தா அது யாருக்கு லாபம்னு யோசிச்சா அதுவும் சரியாப் படலை. குழப்பமா இருக்குடா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" பன்னிரண்டு பேர் குழு, எல்லோருக்கும் இடையே பதினைந்து வருடப் பழக்கம். அதில் யாரோ முதல் மெசேஜை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு பெரிய குழுவில் போட்டுவிட்டார்கள். அது இரண்டு மூன்று கை மாறி, நான்காம் நாள் அவன் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் போனை நீட்டி "இது நீதானே?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. பிறந்தநாள் வாழ்த்து, கட்டைவிரல் படம், அவ்வளவுதான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். எந்த போன் வாங்கலாம், எந்த அப்டேட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற பேச்சு மட்டும் மிச்சம். அந்தப் பேச்சும் எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் நாங்கள் ஒன்றுசேர்ந்தது அதற்காக மட்டும் இல்லை.

வேறு ஆப்புக்கு மாறலாம் என்று பேச்சு வந்தபோது, எதற்கு மாறுவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. வழக்கமான ஒப்பீடுகளைப் படித்தால் ஸ்டிக்கர், வீடியோ கால், எத்தனை பேரைச் சேர்க்கலாம், எத்தனை ஜிபி அனுப்பலாம் என்றுதான் போகும். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: நான் ஒன்றைச் சொல்லி அனுப்பிய பிறகு, அந்தச் சொல் யார் யார் கையில் இருக்கிறது? கம்பெனி கையிலா, எதிரில் இருப்பவர் கையிலா, எனக்கே தெரியாத மூன்றாம் ஆள் கையிலா? அதை யாரால் மாற்ற முடியும், யாரால் அழிக்க முடியும்? அரசியல் பேசுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்த்தேன்.

வாட்ஸ்அப்பைப் பற்றி இரண்டு விதமான தவறான பேச்சு உலவுகிறது. "எல்லாவற்றையும் மெட்டா படிக்கிறது" என்பது ஒன்று. "எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் இருக்கிறது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது" என்பது இன்னொன்று. (எண்ட்-டு-எண்ட் என்பது அனுப்புகிறவர், பெறுகிறவர் போன்களில் மட்டும் திறக்கும் பூட்டு.) 2009-இல் ஜான் கூமும் பிரையன் ஆக்டனும் தொடங்கியது வாட்ஸ்அப். 2014-இல் ஃபேஸ்புக் (அந்தக் கம்பெனியின் இன்றைய பெயர்தான் மெட்டா) அதை வாங்குவதாக அறிவித்தபோது சொன்ன தொகை 1,900 கோடி டாலர். 2016 ஏப்ரலில் எல்லா உரையாடல்களுக்கும் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் வந்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சிக்னல்காரர்கள் உருவாக்கிய முறையைத்தான். ஆக, மெசேஜின் உள்ளடக்கம் நடுவழியில் கம்பெனிக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள், எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சில சமயம் உள்ளே பேசியதை விட இந்த வெளி விவரமே அதிகம் சொல்லிவிடும். ஒருவர் ஒரு கட்சியின் மூன்று குழுக்களில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவர் என்ன எழுதினார் என்று படித்துப் பார்க்க வேண்டுமா என்ன?

இன்னொன்றும் உண்டு. குழுவில் இருக்கும் ஒருவர் ஒரு மெசேஜை ‘ரிப்போர்ட்’ செய்தால், கடைசி சில மெசேஜ்கள் வாட்ஸ்அப்புக்குப் போகும். இது திருட்டுத்தனம் இல்லை, அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருப்பதுதான். தொந்தரவு செய்பவர்களைப் பிடிக்க இது வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் "யாராலும் படிக்க முடியாது" என்று நினைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

அப்புறம் பேக்கப். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்குக்கோ ஐகிளவுடுக்கோ போகிறது. அந்தப் பேக்கப்புக்கும் எண்ட்-டு-எண்ட் பூட்டுப் போடும் வசதி 2021 அக்டோபரில்தான் வந்தது, அதையும் நாமாகத் தேடிப் போய் ஆன் செய்ய வேண்டும். சரி, நான் ஆன் செய்துவிட்டேன் என்று வையுங்கள். குழுவில் மீதி பதினோரு பேர்? நான் எழுதிய அதே வரி அவர்களுடைய பேக்கப்பிலும்தான் இருக்கிறது. அதில் ஒருவர் பூட்டுப் போடவில்லை என்றால் என்னுடைய பூட்டால் என் பேச்சுக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை. நான் எங்கள் குழுவில் கேட்டுப் பார்த்தேன், ஆன் செய்திருந்தவர் என்னைத் தவிர ஒரே ஒருவர். மற்றவர்கள் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் வாட்ஸ்அப்பை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். எல்லோரும் அங்கே இருக்கிறார்கள் என்பது ஏதோ சோம்பேறித்தனமான காரணம் போலச் சொல்கிறார்கள், எனக்கு அது பெரிய காரணமாகத்தான் படுகிறது. நம் கருத்தோடு ஒத்துப்போகாத சித்தப்பாவும், அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கும் அக்காவும், எந்த ஆப்பையும் புதிதாகப் போட விரும்பாத நண்பனும் ஒரே இடத்தில் கிடைப்பது வேறெங்கும் நடக்காது. ஃபார்வேர்டு வெள்ளத்தைக் குறைக்க அவர்கள் செய்ததும் கொஞ்சம் இருக்கிறது. 2019 ஜனவரியில் ஒரு மெசேஜை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று உலகம் முழுக்க வரம்பு வைத்தார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த மெசேஜ் என்றால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு உரையாடல்தான் என்று இன்னும் இறுக்கினார்கள். பல கை மாறி வந்தது என்று காட்டும் அந்த இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால் நான் இப்போதெல்லாம் படிக்காமலே தாண்டிவிடுகிறேன். ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு அந்த வரம்பு எதுவும் பொருந்தாது. அது புதுப் படமாகக் கிளம்புகிறது, எத்தனை கை மாறி வந்தது என்ற அடையாளம் அதில் இல்லை. எங்கள் நண்பனின் மெசேஜ் அப்படித்தான் போனது.

நீல டிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரசியல் வாக்குவாதத்தில் அது செய்யும் வேலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவர் காரசாரமாக ஏதோ எழுதுகிறார். யார் யார் படித்தார்கள் என்று விரலால் அழுத்திப் பார்க்கிறார். "படிச்சிட்டு ஏன் சும்மா இருக்கே, உன் கருத்து என்ன?" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார். சும்மா இருக்கவும் உரிமை இல்லாத இடத்தில் மனிதர்கள் பொய்யான ஒப்புதலைத்தான் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் படித்த அடையாளத்தை அணைத்துவைத்தாலும் அது குழுக்களுக்குச் செல்லாது, குழுவில் எப்போதும் தெரியும். டெலிகிராமிலும் சிறிய குழுக்களில் யார் படித்தார்கள் என்று சில நாட்களுக்குப் பார்க்கலாம். சிக்னலில் அணைத்தால் குழுவிலும் சேர்த்தே அணைந்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் என் கணக்கில் சிக்னலுக்கு விழுந்த முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

டெலிகிராமுக்கு வருகிறேன். ஒரு பொருளாகப் பார்த்தால் மூன்றிலும் கைக்கு இதமானது இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் அவர்களுடைய சர்வரில் இருப்பதால் புது போனில் எண்ணைப் போட்டு உள்ளே போன அடுத்த நிமிடம் பழைய பேச்செல்லாம் அப்படியே இருக்கும். போன், கம்ப்யூட்டர், டேப்லெட் எதில் திறந்தாலும் ஒரே மாதிரி. மூன்று வருடம் முன்னால் யாரோ போட்ட ஒரு வரியை இரண்டு சொல்லை வைத்துத் தேடி எடுத்துவிடலாம். இரண்டு ஜிபி வரை ஃபைல் அனுப்பலாம், போனின் நினைவகமும் நிரம்பி வழியாது. குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம், சேனலுக்கு வரம்பே கிடையாது. வாட்ஸ்அப் குழு இன்னும் 1,024 பேரில் நிற்கிறது, சிக்னல் 1,000-இல். பொதுவெளியில் ஒரு கருத்தை ஆயிரக்கணக்கானவர்களிடம் கொண்டுபோக வேண்டும், வந்து சேர்கிறவர் பழைய விவாதத்தையெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றால் டெலிகிராம்தான், வேறு யோசனையே வேண்டாம்.

ஆனால் இந்த வசதிகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். பேச்சு முழுவதும் அவர்கள் சர்வரில் இருப்பதால்தான் இவ்வளவும் முடிகிறது. டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் கிடையாது. ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, அதுவும் இரண்டு பேருக்கு இடையில் மட்டும். குழுவுக்கு இல்லவே இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "டெலிகிராம்தானே ரகசியமானது, அரசாங்கத்துக்கே வளைஞ்சு கொடுக்காதவங்க ஆச்சே" என்பார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. பாவெல் துரோவ் 2013-இல் அண்ணனோடு சேர்ந்து இதைத் தொடங்கினார், 2018-இல் ரஷ்யா தடை போட்டபோதும் பணியவில்லை, 2020-இல் ரஷ்யாவே அந்தத் தடையை எடுத்தது. அதெல்லாம் உண்மை. ஆனால் அது ஒரு மனிதரின் உறுதியைப் பற்றிய கதை, பூட்டைப் பற்றிய கதை இல்லை. 2024 ஆகஸ்டில் அவர் பாரிஸ் அருகே விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே, விதியை மீறுகிறவர்களின் ஐபி முகவரியையும் போன் எண்ணையும் முறையான சட்டக் கோரிக்கை வந்தால் அதிகாரிகளிடம் தரலாம் என்று தங்கள் கொள்கையை விரிவாக்கினார்கள். குற்றவாளியைப் பிடிக்க அது சரியான மாற்றமாகவே இருக்கலாம். நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு கம்பெனி நினைத்தால் கொடுக்கலாம், நினைத்தால் மறுக்கலாம் என்ற நிலையில் நம் பேச்சு இருக்கிறது என்றால், நாம் நம்பியிருப்பது அந்தக் கம்பெனியின் இன்றைய மனநிலையை. நாளைக்கு அது மாறலாம்.

எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. இந்த இடத்தில்தான் எனக்கு அதிக நேரம் போனது. ஒருவர் சொன்னதைச் சொல்லவில்லை என்று மாற்றுவது அரசியல் பேச்சில் தினமும் நடப்பது. டெலிகிராமில் ஒரு மெசேஜை 48 மணி நேரம் வரை திருத்தலாம். திருத்தியது என்று ஒரு சின்னக் குறி வரும், முன்னால் என்ன இருந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தனி உரையாடலில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2019 முதல், எதிரில் இருப்பவர் அனுப்பிய மெசேஜையும் நாம் இரண்டு பக்கத்திலும் அழித்துவிடலாம், எத்தனை நாள் பழையதானாலும். அதாவது நான் எழுதி அனுப்பியதை என் போனிலிருந்தே இன்னொருவர் துடைத்தெடுக்க முடியும். இதைச் சிலர் சுதந்திரம் என்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம்தான், குறி வரும், பழைய வடிவம் தெரியாது. எல்லோரிடமிருந்தும் அழிப்பதற்கு ஏறக்குறைய இரண்டரை நாள் உண்டு, அழித்தால் அழித்த தடம் நிற்கும். சிக்னலில் ஒரு நாள் வரை திருத்தலாம், ஆனால் ‘திருத்தியது’ என்ற சொல்லைத் தொட்டால் முதலில் என்ன எழுதினார், பிறகு என்னவாக மாற்றினார் என்று வரிசையாக வரும்.

அந்தச் சின்ன வசதியைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வேகத்தில் எழுதி, தணிந்த பிறகு திருத்துகிறோம். திருத்த இடமும் இருக்கிறது, திருத்தியதை மறைக்காத நேர்மையும் இருக்கிறது. நல்ல வாக்குவாதத்துக்கு இரண்டும் வேண்டும்.

சிக்னலின் மற்ற பக்கமும் பெரும்பாலும் பலமாகவே இருக்கிறது. பேச்சு எல்லாமே எண்ட்-டு-எண்ட், தனியாக எதையும் ஆன் செய்ய வேண்டியதில்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை தந்தது, அவர்கள் எதை வைத்திருக்கவில்லை என்பது. 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக ஒரு கணக்கைப் பற்றிய எல்லா விவரத்தையும் கொடு என்று உத்தரவு வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. யாரோடு பேசினார், எந்தக் குழு என்பதெல்லாம் அவர்களிடமே இல்லை. முன்னே சொன்ன கம்பெனியின் மனநிலைப் பிரச்சினை இங்கே எழவே இல்லை, கொடுக்க நினைத்தாலும் கையில் ஒன்றும் இல்லை. 2024-இல் இன்னொரு நல்ல மாற்றம் வந்தது. நம் எண்ணைத் தங்கள் தொடர்புப் பட்டியலில் ஏற்கெனவே வைத்திருக்காதவர்களுக்குக் குழுவில் எண் தெரியாது, வேண்டுமானால் ஒரு பயனர்பெயரை வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் முன்பின் தெரியாத நூறு பேருக்கு நம் எண் போய்விடுவதை நினைத்தால், பெண்கள் பலர் அரசியல் குழுக்களில் சேரவே தயங்குவது ஏன் என்று புரியும்.

பணத்தைப் பற்றியும் யோசித்தேன். இலவசமாகக் கிடைப்பது எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் நம்பக் கூடாது. வாட்ஸ்அப் மெட்டாவின் வியாபாரத்தில் ஒரு பகுதி, 2025-இல் அப்டேட்ஸ் பக்கத்தில் விளம்பரமும் அறிவித்துவிட்டார்கள். டெலிகிராம் விளம்பரத்திலும் பிரீமியம் சந்தாவிலும் ஓடுகிறது. சிக்னல் லாப நோக்கமற்ற அறக்கட்டளை, நன்கொடைதான் வருமானம். வாட்ஸ்அப்பைத் தொடங்கிய அதே பிரையன் ஆக்டன் ஃபேஸ்புக்கை விட்டு வெளியே வந்து, 2018-இல் 5 கோடி டாலர் போட்டு இந்த அறக்கட்டளைக்கு வழிசெய்தார். தான் கட்டிய வீட்டை விட்டு வெளியேறி எதிர்ப்புறம் இன்னொரு வீடு கட்டிய மாதிரி. ஆனால் 2025 வாக்கில் சிக்னலின் ஒரு வருடச் செலவே ஏறக்குறைய 5 கோடி டாலர் ஆகும் என்று அவர்களே 2023-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அன்று போட்ட அவ்வளவு பெரிய தொகை இன்றைக்கு ஒரு வருடத்துக்குத்தான் காணும். பயன்படுத்துகிறவர்கள் கொடுத்தால்தான் அது நிற்கும், நான் மாதாமாதம் கொஞ்சம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

குறை இல்லையா? இருக்கிறது. பேச்செல்லாம் நம் போனில்தான் இருக்கிறது. போன் தொலைந்து, முன்கூட்டியே பேக்கப் ஏற்பாடு செய்யாமலும் இருந்தால் பழையது போனதுதான். போனுக்கு வெளியே, அவர்கள் சர்வரில் பூட்டி வைக்கும் பேக்கப் வசதியை 2025-இல்தான் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவ்வப்போது பின் நம்பரைக் கேட்டு நினைவூட்டுவது வயதானவர்களைக் குழப்புகிறது. எல்லாவற்றையும் விட, நம் ஆட்கள் அங்கே இல்லை.

இவ்வளவு பலமான பூட்டு இருந்தாலும் உள்ளே யாரைச் சேர்க்கிறோம் என்பதை எந்த ஆப்பும் பார்த்துக்கொள்ளாது. 2025 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். அமெரிக்காவின் அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் அமைத்த சிக்னல் குழுவில், யேமன் மீதான தாக்குதலைப் பற்றி உயர்மட்ட அமைச்சர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ‘தி அட்லாண்டிக்’ பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். அவர் எதையும் உடைத்து உள்ளே வரவில்லை, கதவைத் திறந்து அழைத்தவர்கள் அவர்கள். எங்கள் நண்பனுக்கு நடந்ததும் அதே ரகம்தான். பதினைந்து வருடப் பழக்கம் இருக்கிறதே என்று பட்டியலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது ஒரு எண், ஒரு நண்பனின் பழைய எண், இப்போது அவனுடைய தம்பி கையில் இருந்தது. தம்பிதான் படம் எடுத்தானா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் பன்னிரண்டு பேர் என்று நினைத்துப் பேசிய பேச்சை அவ்வளவு நாளும் பதின்மூன்றாவது ஆள் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்கார்டில் தலைப்பு வாரியாக அறை பிரித்துப் பேச வசதி இருக்கிறது, போன், கேம் பற்றிய பேச்சுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் எழுத்துப் பேச்சுக்கு எண்ட்-டு-எண்ட் இல்லை. ஐமெசேஜ் எல்லோரும் ஐபோன் வைத்திருந்தால் மட்டும். மின்னஞ்சலை எங்களில் ஒருவர் சொன்னபோது மற்றவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. உட்கார்ந்து, யோசித்து, பத்தி பத்தியாக எழுத வைக்கும். உடனே பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி இல்லை. என்ன, யாரும் எழுத மாட்டார்கள்.

சிக்னல் என்று முடிவு செய்தோம். ஒரு வாரத்தில் எட்டுப் பேர் போட்டார்கள், பத்தாம் நாள் ஒன்பது. பன்னிரண்டில் ஒன்பது, முக்கால்வாசி வந்துவிட்டார்களே என்று எனக்கு மகிழ்ச்சி. இரண்டு மூன்று நாள் பேச்சு நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி மேலே தள்ளிப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறைத்தது: இரண்டு நாளாக யாரும் யாரையும் மறுத்துப் பேசவே இல்லை. ஒருவர் சொல்கிறார், மற்றவர்கள் ஆமாம் போடுகிறார்கள். வராத மூன்று பேர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் எப்போதுமே பேசாதவர்கள். மூன்றாவது ஆள்தான் எங்கள் எல்லோருக்கும் நேரெதிரான கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர். எங்களை விட நாலைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்.

இதை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. ஒரு குழு புது ஆப்புக்கு மாறும்போது, மாறவேண்டும் என்ற ஆர்வம் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் முதலில் போகிறார்கள். ஏற்கெனவே குழுவில் தனியாக நின்று வாதாடிக் களைத்தவருக்கு அந்த ஆர்வம் இருக்காது, அவருக்கு இது நைசாகக் கழன்றுகொள்ள ஒரு வாய்ப்பு. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது, யார் வரவில்லை என்று பார்த்தால்தான் தெரியும். அந்த ஒருவர் இல்லாமல் எவ்வளவு பத்திரமான இடத்தில் உட்கார்ந்து பேசினாலும் அது நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்வதுதான். அவரை இழப்பதா, வாட்ஸ்அப்பிலேயே இருப்பதா என்று வந்தால் நான் வாட்ஸ்அப்பிலேயே இருப்பேன், பேக்கப் பூட்டை எல்லோரையும் போட வைத்து, பட்டியலைச் சுத்தம் செய்துகொண்டு. இதை இப்போது உறுதியாகவே சொல்கிறேன், தொடங்கும்போது இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

மெசேஜ் போடாமல் நேரே போன் செய்தேன். "அண்ணே, நீங்க இல்லாம அங்க பேச்சே சரியில்லை" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "வர்றேன்ப்பா. ஆனா தானா அழியுற அந்த டைமரைப் போடாதீங்க. நான் போன தேர்தல்ல என்ன சொன்னேன்னு உங்க ஒருத்தனுக்கும் நினைவில்லை. நடந்ததும் அதுதான். எடுத்துக் காட்ட ஏதாவது இருக்கணும் இல்ல?" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டில் மாட்டிய நண்பன் திரும்ப எழுத வைத்த ஒரே நிபந்தனை, டைமர் வேண்டும் என்பது. அதுவும் நியாயம்.

இங்கே ஆப்புகளின் வித்தியாசம் மறுபடி குறுக்கே வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு நாள், ஏழு நாள், 90 நாள் என்று மூன்று அளவுதான், அனுப்பிய நேரத்திலிருந்து கணக்கு ஓடும், படிக்காதவருக்கும் அழியும். டெலிகிராமில் ஒரு வருடம் வரை வைக்கலாம். சிக்னலில் அதிகபட்சம் நான்கு வாரம், ஆனால் வாங்குகிறவர் படித்த பிறகுதான் அவருக்குக் கணக்கு தொடங்கும். அண்ணன் கேட்டது 90 நாள், நண்பன் கேட்டது ஒரு வாரம். சிக்னலில் 90 நாள் என்பதே கிடையாது.

கடைசியில் நான்கு வாரம் வைத்தோம், கூடவே ஒரு ஏற்பாடு. யாராவது ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லி, பிறகு இதை நினைவில் வையுங்கள் என்று கேட்டால், அவரே தன் வார்த்தையில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு அண்ணனுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறார். நிஜ நோட்டு, பேனா. சொன்னவர் ஒப்புக்கொண்டது மட்டும் அதில் ஏறும், வேகத்தில் வந்த வார்த்தை ஏறாது. இதுவரை பதினொரு வரி ஏறியிருக்கிறது, அதில் நான்கு அண்ணனுடையதே. நண்பன் போன வாரம் முதல்முறையாக நீளமாக ஒன்று எழுதினான், ஒரு இடத்தில் திருத்தியும் இருந்தான். முன்னால் என்ன இருந்தது என்று தொட்டுப் பார்த்தேன். ‘நிச்சயமாக’ என்று இருந்ததை ‘அநேகமாக’ என்று மாற்றியிருந்தான்.